வெறும் ரிடிம்

ஆஸ்பத்திரியின் பன்னிரண்டாம் அறையில் மூன்று நாளாக ஒரே தாளம். பாடுகிற ஆள் மட்டும் மாறிக்கொண்டே இருந்தார். அடியில் ஓடிய டிரம்மும் பேஸும் அப்படியே இருந்தன. ஜமைக்காவில் அதற்கு ரிடிம் என்று பெயர். தொண்ணூறுகளில் வந்த இந்த ஒரு ரிடிமின் மேல் பத்துப் பன்னிரண்டு டீஜேக்கள் ஆளுக்கொரு பாட்டுப் பாடியிருக்கிறார்கள். அங்கே டீஜே என்றால் இசைத்தட்டுப் போடுபவர் அல்ல, மைக்கைப் பிடித்துச் சரமாரியாகப் பேசிப் பாடுபவர். இளமையில் கிங்ஸ்டனில் தெல்ராயும் அப்படி ஒருவர். பிறகு நியூஜெர்சிக்கு வந்து பஸ் ஓட்டினார். இப்போது ஸ்ட்ரோக்கில் பேச்சை இழந்து கட்டிலில் கிடந்தார். அவருக்குப் பேச்சுப் பயிற்சி தருவது என் வேலை.

“இன்னைக்கு ஒரு இம்ப்ரூவ்மென்ட்டாவது காட்டலேன்னா வெள்ளிக்கிழமை டிஸ்சார்ஜ்தான், மாலதி. இன்ஷூரன்ஸ் அப்ரூவ் பண்ணாது,” என்றாள் கேஸ் மேனேஜர் சுதா. சென்னைக்காரி, சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

பேச்சுப் போனவர்களுக்கும் தெரிந்த பாட்டு சில சமயம் வாயில் வரும். அதை நம்பித்தான் ஒவ்வொரு டீஜேயாகப் போட்டு, கூடவே பாடச் சொல்லிக் கெஞ்சினேன். தெல்ராய் உதட்டை இறுக்கிக்கொண்டு என்னை முறைத்தார். எனக்குக் கோபம் வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. மணி நாலு. ஐந்துக்குள் இன்ஷூரன்ஸுக்குப் படிவம் போயாக வேண்டும். அவர் மனைவி பெவர்லி பொறுமையிழந்து எழுந்தார்.

“அதெல்லாம் அடுத்தவங்க முறை. அடுத்தவன் பாடுறப்ப இவர் எப்படி வாயைத் திறப்பார்? வெறும் ரிடிமைப் போடுங்க.”

யாரும் பாடாத தாளம் ஓடியது. நான்கு சுற்று முடிந்தும் ஒன்றுமில்லை. ஐந்தாவதில் தெல்ராயின் இடது கை மெத்தையைத் தட்டியது. பிறகு கரகரத்த குரலில் சொற்கள் வந்து விழுந்தன, தாளம் தப்பாமல். பெவர்லி சிரித்துக்கொண்டே அழுதார். அது ஜமைக்காக்காரர்களின் பேச்சு இங்கிலீஷ்; எனக்கு ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை.

படிவம் கேட்டது: புரியும்படி பேசுகிறாரா? என் பேனா நின்றுவிட்டது. இங்கே வந்த முதல் வருடம் ஒரு குழந்தையின் அம்மா, இங்கிலீஷ் பேசத் தெரிந்தவரை அனுப்புங்கள் என்று என்னைத் திருப்பி அனுப்பினார். எல்.கே.ஜி.யிலிருந்து இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவள் நான். அன்று காரில் உட்கார்ந்து அழுதேன். இப்போது அதையே தெல்ராய்க்குச் செய்ய இருந்தேன்.

“என்ன சொன்னார்?” என்று பெவர்லியிடம் கேட்டேன்.

“தன் பேரைச் சொல்லி, மைக்கை யாருக்கும் தர மாட்டேங்கிறார்.”

ஆம் என்று குறித்தேன். பக்கத்திலேயே, ‘மனைவிக்குப் புரிகிறது’ என்றும் எழுதினேன்.

வீட்டுக்கு வந்தபோது சுதாவின் மெசேஜ் வந்தது. தெல்ராய்க்கு இன்னும் இரண்டு வாரம் கிடைத்திருந்தது. சோபாவில் மகள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கும் பேச்சுப் போய், தமிழ் மட்டும் வாயில் வரும் ஒரு நாள் வந்தால், நான் சொன்னது இன்னதென்று பக்கத்தில் நின்று சொல்ல வேண்டியவள் இவள்தான். பயமாக இருந்தது.

“கண்ணு, கொஞ்ச நேரம் என்கூடத் தமிழ்ல பேசேன்,” என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். “வொய், அம்மா?”