சுலோச்சனா மேடம் காதில் விழாத மொழி

அன்று வெள்ளிக்கிழமை. யுனா தமிழில் பேசினாள். நான் முதலில் கவனித்தது அதைத்தான்.

எங்கள் பள்ளியில் திங்கள், புதன், வெள்ளி ஆங்கிலம். மற்ற நாட்களில் தமிழ். சாப்பாட்டு வரிசையில்கூட அப்படித்தான். விடுதியில் என் அறைத் தோழியாக இருந்த யுனா கொரியப் பெண். அவளுடைய அப்பா ஓசூரில் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். விடுமுறையில் வீட்டில் இருந்தாலும் அவள் இந்தக் கிழமைக் கணக்கைத் தவறவிட மாட்டாள். அன்று நான் ரோஜாப் பண்ணையில் பூக்களைத் தண்டின் நீளம் பார்த்துப் பிரித்துக்கொண்டிருந்தேன். போனை எடுத்ததும், "மஞ்சு, நம்ம வார்டன் மேடம் போயிட்டாங்க புள்ள" என்றாள். சேலத்தில் தங்கை வீட்டுக்குப் போன இடத்தில் நெஞ்சுவலி வந்திருக்கிறது. 'புள்ள' என்ற சொல்லைக்கூட யுனா மேடத்திடமிருந்துதான் பிடித்துக்கொண்டாள்.

பள்ளியில் நினைவு மலர் போடுகிறார்களாம். "எல்லாரும் மேடம் ரொம்பப் பொறுமைன்னு எழுதறாங்க. நீ உண்மைய எழுது. அவங்ககிட்ட அதிகமா மாட்டுனது நீதான்" என்றாள் யுனா.

எழுதுகிறேன். சுலோச்சனா மேடத்துக்குப் பொறுமை கிடையாது. உங்களுக்கும் அது தெரியும். குளியலறைக் கதவைத் தட்டிக்கொண்டே ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணுவார், ஆனால் ஆறிலேயே திட்ட ஆரம்பித்துவிடுவார். விடுதியில் சேர்ந்த முதல் நாள் எங்களை வரிசையாக நிற்கவைத்து, "இங்க ரெண்டே பாஷை. மூணாவது எதுவும் என் காதுல விழாது" என்றார். எங்கள் வீட்டில் பேசுவது அந்த மூன்றாவது மொழி. என் அப்பா பள்ளிப் பேருந்தின் ஓட்டுநர். அதனால்தான் எனக்கு ஒன்பதாம் வகுப்பில் இடம் கிடைத்தது. வெளியில் தமிழ் பேசினாலும் எங்களுக்குக் கன்னடம்தான் வீடு.

காலை ஆறு மணிக்கு வராந்தாவில் பெயர் கூப்பிடுவார். பனியில் எல்லோரும் போர்வையோடு நிற்போம். என் பெயர் வந்ததும் பயத்தில் வீட்டு வார்த்தைதான் வாயில் வந்தது. "இல்லே" என்றேன். கன்னடத்தில் அதற்கு 'இங்கேதான்' என்று பொருள். மேடம் பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்காமல் ஆப்சென்ட் போட்டார். பக்கத்தில் நிற்கும் பெண் எனக்காகப் பதில் சொல்கிறாள் என்று நினைத்தாராம். மறுநாளும் "இல்லே". மூன்றாம் நாளும் "இல்லே". அன்று மேடம் அப்பாவுக்குப் போன் செய்து, "மூணு நாளா உங்க பொண்ணக் காணோம் சார்" என்று சொல்லிவிட்டார். ஆசிரியர்களை ஏற்றிக்கொண்டு வந்த பேருந்தை அப்பா பாதி வழியில் எங்கும் நிறுத்தவில்லை. உத்தனப்பள்ளியில் ஏற வேண்டிய இருவரை விட்டுவிட்டு நேராகப் பள்ளிக்குள் ஓட்டிவந்தார்.

நான் இட்லி வரிசையில் நின்றுகொண்டிருந்தேன்.

அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. "எல்லி ஓகித்தே மகா?" என்று கேட்டார். எங்கே போயிருந்தாய் என்று. நான், "இல்லே இத்தே அப்பா" என்றேன், இங்கேதான் இருந்தேன் என்று.

மேடம் கையைத் தட்டினார். "பாத்தீங்களா சார்! நேர்ல நின்னுக்கிட்டே இல்லேங்கறா!"

அப்பா சிரிக்கவா அழவா என்று தெரியாமல் நின்றார். பிறகு பொருளை விளக்கினார். மேடம் கேட்டுக்கொண்டார். தப்பு தன்னுடையது என்று ஒரு வார்த்தை வரவில்லை. "சரி, இனிமே சத்தமா சொல்லச் சொல்லுங்க" என்றார். அன்றிலிருந்து இரண்டு வருடம், ஒவ்வொரு காலையும், என் பெயரைக் கூப்பிட்டுவிட்டு, "இருக்கியா, இல்லே இருக்கியா?" என்று கேட்டார். வராந்தா முழுக்கச் சிரிப்பு. என் பெயரே 'இல்லே' ஆகிவிட்டது. அவர் அதைப் பாசமாகத்தான் செய்தார் என்று நீங்கள் சொல்வீர்கள். அந்தப் பெயரோடு வரிசையில் நின்றது நீங்கள் அல்ல.

பத்தாம் வகுப்பு முடிவில் பேச்சுத் தேர்வு. அதில் தேறினால்தான் பதினொன்றாம் வகுப்பு. மேடையில் ஐந்து நிமிடம் தமிழ், ஐந்து நிமிடம் ஆங்கிலம். நான் இரண்டையும் மனப்பாடமாக வைத்திருந்தேன். மைக் முன்னால் போனதும் சொல் எழவில்லை. கொஞ்ச நேரம் விட்டிருந்தால் முதல் வரி வந்திருக்கும். அதை இன்றும் நம்புகிறேன். ஆனால் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த மேடம் எழுந்து, "இல்லேன்னு நிக்காத புள்ள, இருக்கேன்னு சொல்லு!" என்று கத்தினார். அரங்கமே சிரித்தது. நான் மேடையைவிட்டு இறங்கினேன். பதினொன்றாம் வகுப்புக்குப் போகவில்லை.

அதன் பிறகாவது விட்டாரா? தினமும் அப்பாவிடம் சொல்லியனுப்புவார்: "அந்த வாய் பேசாத புள்ளைய வரச் சொல்லுங்க." ஒரு வருடம் அப்படிப் போனது. போன மாதம் ராயக்கோட்டைக்குப் பேருந்து ஏறி வீட்டுக்கே வந்துவிட்டார். அம்மா நாற்காலியைத் துடைத்துப் போட்டு, "ஏனாதுரூ பேக்கா?" என்று கேட்டார். ஏதாவது வேண்டுமா என்றுதான். மேடம் கைப்பையை மடியில் இழுத்துக்கொண்டு, "பேக்கு இங்கயே இருக்கட்டும்மா, நான் இப்பக் கெளம்பிடுவேன்" என்றார். இருபது வருடமாக இந்தக் கர்நாடக எல்லைப் பக்கம் வேலை பார்த்தவர்!

அந்தப் பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். பதினொன்றாம் வகுப்பில் திரும்பச் சேர்வதற்கான படிவம்.

"பிரின்சிபால்கிட்ட மூணு தடவை சண்டை போட்டேன். மேடையெல்லாம் கெடையாது. ஒரு ரூம்ல, ஒரே ஒரு டீச்சர் முன்னாடி பேசுனாப் போதும். எல்லாம் நானே எழுதிட்டேன். நீ கையெழுத்து மட்டும் போடு."

படிவத்தைப் பிரிக்காமல் வாங்கிக்கொண்டேன்.

"அன்னிக்கு நான் கத்துனது உனக்குத் தெம்பு வரட்டும்னுதான்."

எனக்குத் தெம்பு வரவில்லை மேடம் என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லவில்லை. அதற்கும் கொஞ்ச நேரம் தேவைப்பட்டது. அதற்குள் அவர், "பஸ்ஸு வந்துரும்" என்று எழுந்துவிட்டார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "நீ நல்லாப் பேசுவ புள்ள. தூக்கத்துல பேசறதக் கேட்டிருக்கேன்" என்றார். எந்த மொழியில் பேசினேன் என்று நான் கேட்கவில்லை. இனிமேல் கேட்க முடியாது.

படிவத்தை அப்போது பார்க்கவில்லை. அலமாரியில் துணிக்கு அடியில் வைத்துவிட்டேன். யுனா பேசிய அன்று பண்ணையிலிருந்து வந்ததும் எடுத்தேன். கடைசி நாள் வருகிற புதன்.

மேடத்தின் சாய்ந்த கையெழுத்து. அம்மாவின் பெயரில் ஓர் எழுத்தை விட்டிருந்தார். பிறந்த ஊரைச் சாமல்பட்டி என்று எழுதியிருந்தார். அது அத்தையின் ஊர். 'தெரிந்த மொழிகள்' என்ற இடத்தில் ஆங்கிலம், தமிழ். 'தாய்மொழி' என்ற இடத்தில் தமிழ். இரண்டு வருடம் என்னை 'இல்லே' என்று கூப்பிட்ட மனிதர், அந்தச் சொல் எந்த மொழி என்று கடைசிவரை யோசிக்கவே இல்லை. எனக்கு வந்த கோபத்தில் அழுதுவிட்டேன். அழுகை எதற்கு என்று இன்னும் சரியாகத் தெரியவில்லை.

மேடத்திடமிருந்து என்னிடம் இருப்பது இந்த ஒரு தாள்தான், அத்தனை தப்புகளோடு.

ஊரின் பெயரைத் திருத்தினேன். அம்மாவின் பெயரில் விட்ட எழுத்தைச் சேர்த்தேன். 'தாய்மொழி'க்கு எதிரில் தமிழை அடித்துவிட்டு, கன்னடம் என்று எழுதினேன். அடியில் கையெழுத்துப் போட்டேன்.