படுகளத்தில் அம்மா

என் தம்பி செத்த வருஷம், ஊர்க் கோயில் திருவிழாவுக்கு எங்கள் வீட்டார் யாரும் வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். சாவு விழுந்த வீடு. வருஷம் திரும்பும்வரை தீட்டு. அதற்காக யாரையும் குற்றம் சொல்ல முடியாது. வேறு வீடுகளில் சாவு விழுந்தபோது என் நைனாவும் அதையேதான் சொல்லியிருக்கிறார்.

அறுபதுகளில், மழை அடுத்தடுத்துப் பொய்த்த காலம் அது. செஞ்சிக் கோட்டை மலைகளுக்குப் பின்பக்கம் எங்கள் ஊர். நான் கல்யாணமாகிச் செஞ்சியில் கடைத்தெருவுக்குப் பின்னால் குடியிருந்தேன். ஊரில் அம்மா, நைனா, தம்பி மூன்று பேர்தான். கரண்ட் கம்பம் வயல்வரை வந்துவிட்டதால், கிணற்றை இன்னும் ஆழப்படுத்தி மோட்டார் வைத்தால் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைப் பயிரைக் காப்பாற்றிவிடலாம் என்று நைனா நினைத்தார். எங்கள் பக்கத்துப் பூமி கொஞ்சம் தோண்டினால் வெறும் பாறை. வெடி வைத்துத்தான் உடைக்க வேண்டும். அன்றைக்கு வைத்த வெடிகளில் ஒன்று வெடிக்கவில்லை. திரி அணைந்துவிட்டது என்று நினைத்துத் தம்பி கிணற்றுக்குள் இறங்கினான்.

மாட்டு வண்டியில் போட்டுச் செஞ்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். ஆள் வந்து சொல்லி நான் ஓடிப்போனபோது வண்டி வாசலிலேயே நின்றிருந்தது. அம்மா வண்டிக்குள் உட்கார்ந்து முந்தானையால் அவனுக்கு விசிறிக்கொண்டிருந்தாள். கம்பவுண்டர் சக்கரத்தின் மேல் ஒரு காலை வைத்து ஏறி, அவன் கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தார்.

"ஊட்டுக்கு எடுத்துட்டுப் போயிடுங்க."

"மயக்கம்தானேங்க?" என்றாள் அம்மா.

அவர் இறங்கிப் போய்விட்டார். அம்மா விசிறுவதை நிறுத்தவில்லை. ஊர் போய்ச் சேரும்வரை விசிறிக்கொண்டே வந்தாள்.

தம்பிக்குச் சின்ன வயசில் பெரியம்மை போட்டிருந்தது. பிழைத்தால் வருஷா வருஷம் அவனைப் படுகளத்தில் படுக்க வைக்கிறேன் என்று அம்மா அம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். எங்கள் அம்மன் ஐவருக்கு வாக்கப்பட்டவள். விரித்த கூந்தலை முடியாமல் போர் முடியும்வரை காத்திருந்தவள். திருவிழாவின் கடைசி நாள் கோயில் மைதானத்தில் அந்தப் போரின் முடிவை நடத்துவார்கள். எதிரி அரசனை மண்ணால் பெரிதாக, மல்லாந்து கிடப்பதுபோல் செய்து வைத்திருப்பார்கள். கூத்து அவன் தொடையைப் பிளப்பதோடு முடியும். பக்கத்தில், வேண்டுதல் உள்ள ஆண்பிள்ளைகள் வரிசையாகப் படுத்து வெள்ளைத் துணியால் மூடிக்கொள்வார்கள். அவர்கள் போரில் செத்தவர்கள். பூசாரி அம்மனோடு வந்து ஒவ்வொருவர் மேலும் வேப்பிலையால் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார். ஒவ்வொருவராக எழுந்திருப்பார்கள். சாயங்காலம் தீ மிதிப்பார்கள்.

தம்பி விவரம் தெரிந்த நாளிலிருந்து அப்படிப் படுத்து எழுந்தவன். மீசை வந்த பிறகு அவனுக்கு அது கொஞ்சம் வெட்கம். "துணிக்குள்ள சிரிப்பு வருதுக்கா, அடக்க முடியல" என்று என்னிடம் சொல்லியிருக்கிறான்.

அந்த வருஷத் திருவிழாவுக்கு நான் அம்மாவுக்குத் துணையாக ஊரில் இருந்தேன். கடைசி நாள் காலையில் நைனா வெளிக்கதவைச் சாத்திவிட்டு உள்ளே படுத்துக்கொண்டார். கோயிலிலிருந்து பம்பை மேளச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. அம்மா தண்ணிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் பின்பக்கமாகப் போனாள். கொஞ்ச நேரம் கழித்து அடுப்படிக்குப் போன நான் குடம் அங்கேயே இருப்பதைப் பார்த்துவிட்டு ஓடினேன்.

நான் போனபோது கூத்து முடிந்துவிட்டது. மண் அரசனின் தொடையில் குங்குமத் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. வெள்ளைத் துணி மூடிய வரிசையின் கடைசியில், தம்பி வழக்கமாகப் படுக்கும் இடத்தில், அம்மா படுத்திருந்தாள். முந்தானையால் முகத்தை மூடியிருந்தாள். பொம்பளைகள் அங்கே படுப்பது வழக்கமில்லை. அதிலும் தீட்டு வீட்டுப் பொம்பளை. கூட்டம் முணுமுணுக்க ஆரம்பித்தது.

"யாராவது புடிச்சித் தூக்குங்கப்பா," என்றார் நாட்டாண்மைக்காரர். ஆனால் படுகளத்தில் கிடப்பவரைப் பூசாரி தண்ணீர் தெளித்து எழுப்பும்வரை யாரும் தொடக்கூடாது. அதனால் ஒருவரும் கிட்டே போகவில்லை. நானும் போகவில்லை.

பூசாரி எங்கள் தெருக்காரர். தம்பியைத் தோளில் தூக்கித் திரிந்தவர். வரிசையாகத் தண்ணீர் தெளித்துக்கொண்டே வந்தார். பிள்ளைகள் எழுந்து எழுந்து அவரவர் அம்மாவிடம் ஓடினார்கள். கடைசியாக அம்மாவின் மேல் தெளித்தார். அவள் அசையவில்லை. இன்னொரு தடவை தெளித்தார்.

"எழுந்திரும்மா."

"என்ன எழுப்பாதண்ணா," என்று முந்தானைக்குள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது. "எம் புள்ளைய எழுப்பு. இது அவன் படுக்கற எடம்."

"அவன் போய்ச் சேந்துட்டாம்மா. இப்ப எழுந்தவங்க கதையில செத்தவங்க. நெசமா செத்தவன நான் எங்கேருந்து எழுப்பறது?"

அம்மா முந்தானையை விலக்கி, படுத்தபடியே அவரைப் பார்த்தாள். "கதையில யாருண்ணா எழுந்தா? அம்மன் பெத்த அஞ்சும் தூக்கத்துலயே வெட்டுப்பட்டுப் போச்சி. வருஷா வருஷம் முன்னால உக்காந்து கேட்டிருக்கேன். ஒண்ணாவது எழுந்துதா? தான் பெத்ததயே அவளால எழுப்ப முடியல. அப்புறம் இன்னாத்துக்கு எம்மேல தண்ணி தெளிக்கிற?"

பம்பைக்காரர்கள் என்ன செய்வது என்று தெரியாமல் சத்தமாக அடிக்க ஆரம்பித்தார்கள். அந்தச் சத்தத்தில் பூசாரி திரும்பி நடந்தார். கூட்டமும் தீக்குழிப் பக்கம் நகர்ந்தது.

அம்மா சொன்னது உண்மை. அந்தக் கதையை நானும் எத்தனையோ மதியங்கள் பந்தலில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். போர் முடிந்த ராத்திரி பாசறையில் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகளைக் கொன்றுவிடுகிறான் ஒருவன். ஜெயித்தவளுக்கும் ஒரு பிள்ளை மிச்சமில்லை. பொம்பளைகள் களத்தில் பிணங்களைத் தேடி அழுவதோடு அந்த இடம் முடிந்துவிடும். மஞ்சள் தண்ணீர் அதில் கிடையாது. எந்தக் காலத்திலோ எங்கள் ஊர்க்காரர்கள் பொறுக்க மாட்டாமல் சேர்த்ததாக இருக்கும். அதைத் தெரிந்துகொண்டே அம்மா இத்தனை வருஷம் தம்பியைக் கொண்டுபோய்ப் படுக்க வைத்திருக்கிறாள்.

வெயில் ஏறியது. மண் அரசனின் மேல் ஈ மொய்த்தது. நான் அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்து என் நிழல் அவள் முகத்தில் விழும்படி பார்த்துக்கொண்டேன்.

"வெயிலு நல்லா அடிக்குது இந்த எடத்துல," என்றாள். "அவன் ஒருநாளும் சொன்னதில்ல."

மத்தியானத்துக்கு மேல் நைனா வந்தார். தீட்டுக்குப் பயந்து மைதானத்தின் ஓரத்திலேயே ரொம்ப நேரம் நின்றார். பிறகு உள்ளே வந்துவிட்டார்.

"வா, போலாம்," என்றார்.

"நீதான்யா கெணறு வெட்டலாம்னு சொன்ன," என்றாள் அம்மா. அவன் போனதிலிருந்து அவள் அதைச் சொன்னதே இல்லை.

நைனா அப்படியே மண்ணில் உட்கார்ந்தார். தூரத்தில் தீ மிதிக்கிறவர்கள் அம்மன் பேரைச் சொல்லிக் கத்துவது கேட்டது. அந்தி சாயும்வரை மூன்று பேரும் அங்கேயே இருந்தோம். அப்புறம் அம்மா தானாகவே எழுந்து, புடவையைத் தட்டிக்கொள்ளாமல் முன்னால் நடந்தாள். நைனா ரொம்பப் பின்னால் வந்தார்.

ஆடியில் ஆள் விட்டு அந்தக் கிணற்றை மேற்கொண்டு வெட்டினார்கள். கொஞ்ச ஆழத்திலேயே தண்ணீர் வந்தது. மோட்டார் வைத்தார்கள். மல்லாட்டை நன்றாகக் காய்த்தது. ஊரில் எல்லோரும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். நைனா மட்டும் அறுவடைக்கு அந்த வயலில் இறங்கவில்லை. ஆட்களை வைத்துப் பிடுங்கினார். அம்மாவும் அவரும் ஒரே வீட்டில், தேவைக்கு மட்டும் பேசிக்கொண்டு வாழ்ந்தார்கள். அவர் செத்துப்போன அன்று அம்மா அழுதாளா என்று எனக்குத் தெரியாது. நான் பார்க்கவில்லை.

அம்மா அதற்குப் பிறகு அந்தக் கோயிலுக்குப் போகவில்லை. கதை கேட்கவும் போகவில்லை. தீட்டுக் கழிந்ததும் பூசாரியே வீடு தேடி வந்து கூப்பிட்டார். அம்மா அவரை உட்காரச் சொல்லி மோர் கொடுத்தாள். மகள்களைப் பற்றி விசாரித்தாள். கோயில் பேச்சை அவர் எடுத்தபோது எழுந்து மாட்டைக் கட்டப் போய்விட்டாள்.

எனக்கு மகன் பிறந்து காய்ச்சலில் கிடந்தபோது மாமியார் அம்மனுக்கு ஏதாவது வேண்டிக்கொள்ளச் சொன்னார்கள். செஞ்சியில் அவளுக்கு இருந்த கோயிலுக்கு மகனோடு போனேன். கற்பூரம் ஏற்றினார்கள். கையைக் கூப்பினேன். பெற்ற ஐந்தையும் பறிகொடுத்தவள் எதிரே நிற்கிறாள். அவளிடம் என்னவென்று கேட்பது? எதுவும் கேட்காமல் திரும்பி, மகனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தேன்.