ஃப்ரீமேசன் ஆராய்ச்சியும் என் மனைவியும்

என் மனைவி கல்வராயன் மலையிலுள்ள ஒரு அரசுப் பள்ளியில் வரலாற்று ஆசிரியை. நான் கள்ளக்குறிச்சியில் வீடு கட்டிக் கொடுக்கும் இன்ஜினியர். கல்யாணமான புதிதில் ஒரு காதுகுத்துக்காகக் கடலூர்ப் பக்கம் போயிருந்தோம். திரும்பும் பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் வழியிலிருந்த பழைய வெள்ளைக்காரர் கல்லறைத் தோட்டத்துக்குள் நுழைந்தோம். அங்கே ஒரு கல்லில், சுவரின் மூலை பார்க்கும் மூலைமட்டமும் வட்டம் போடும் கவராயமும் ஒன்றன்மேல் ஒன்றாகச் செதுக்கியிருந்தது.

"யாரோ கொத்தனார் போலிருக்கு, பாவம்" என்றேன்.

அவள் குனிந்து பாசியைத் துடைத்துவிட்டு எழுத்துகளைப் படித்தாள்.

"கொத்தனார் இல்லீங்க. பட்டாளத்து டாக்டர்னு போட்டிருக்கு. டாக்டருக்கு எதுக்கு மூலமட்டம்?"

திரும்பும் வழியில் பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் அந்த அடையாளத்தை வரைந்துகொண்டு வந்தாள். அடுத்த வருடம் அந்தக் கேள்வியையே பகுதிநேர ஆராய்ச்சிப் படிப்புக்கான தலைப்பாக எழுதிக் கொடுத்தாள்: வெள்ளைக்காரர் ஆட்சியில், சென்னை மாகாணத்தில் ஃப்ரீமேசன்கள்.

அது ஒரு சங்கம். கொத்தனார்களின் கருவிகளை அடையாளமாக வைத்துக்கொண்ட, ஆனால் கொத்துக்கரண்டியே பிடிக்காத ஆண்களின் சங்கம். ராணுவ அதிகாரிகள், வியாபாரிகள், வக்கீல்கள் எல்லாம் அதில் இருந்தார்கள். சாத்திய கதவுக்குள் கூடிச் சடங்கு செய்வார்கள். ஒருவரையொருவர் சகோதரன் என்று அழைத்துக்கொள்வார்கள். பிற்பாடு இந்தியர்களும் சேர்ந்தார்கள். இந்துக்களைச் சேர்க்கலாமா கூடாதா என்று அதற்கு முன்பு பெரிய வாக்குவாதமே நடந்திருக்கிறது. இதையெல்லாம் எனக்குச் சொன்னது அவள்தான், பெரும்பாலும் சோறு பரிமாறும்போது.

படிப்பதற்கு அவளுக்குக் கிடைத்த நேரம் மலைக்குப் போய்வரும் பஸ் நேரம்தான். கொண்டை ஊசி வளைவுகளில் மற்றவர்கள் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டிருக்க, இவள் ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி மறுகையில் பழைய ஆங்கிலப் பிரதிகளைப் படித்துக்கொண்டு வருவாள். கண்டக்டர் அவளுக்கென்று ஜன்னலோர இடம் பிடித்துவைக்கத் தொடங்கினார். கோடை விடுமுறையில் சென்னை ஆவணக் காப்பகத்துக்குப் போய்விடுவாள். ஃப்ரீமேசன் என்பதை அப்படியே தமிழாக்கி, எங்கள் தெருவில் அவளுக்குச் 'சுதந்திரக் கொத்தனார்' என்று பெயர் வைத்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள்.

ஒருமுறை நானும் கூடப் போனேன். சென்னையில் அந்தச் சங்கத்தாரின் மண்டபம் ஒன்றை, கூட்டம் இல்லாத நாளில் பார்க்க அனுமதி வாங்கியிருந்தாள். ஓய்வுபெற்ற உறுப்பினர் ஒருவர் மரியாதையாகச் சுற்றிக் காட்டினார். சதுரங்கப் பலகைபோலக் கறுப்பும் வெள்ளையுமான தரை. மேடையில் பகவத் கீதை, குர்ஆன், பைபிள் எல்லாம் பக்கத்தில் பக்கத்தில். அவரவர் வேதத்தின்மேல் அவரவர் உறுதி எடுப்பார்களாம். எனக்கு அது பிடித்திருந்தது.

"கூட்டம் நடக்கும்போது பெண்கள் வர முடியாதும்மா" என்று அவர் கொஞ்சம் சங்கடத்தோடு சொன்னார்.

"தெரியும் சார். அப்போ கதவுக்கு வெளியே யார் நிப்பாங்க?"

"அதுவும் எங்க உறுப்பினர்தான். கையில வாளோட காவல் நிப்பார்."

"கூட்டம் முடிஞ்சதும் எல்லாருக்கும் சாப்பாடு. அதைச் சமைச்சவங்க எங்க இருப்பாங்க?"

"இதுவரைக்கும் யாரும் என்னை இதைக் கேட்டதில்லை" என்றார். பின்னால் கூட்டிக்கொண்டு போய், பழைய சமையல்கட்டைத் திறந்து காட்டினார். புகை படிந்த சுவரை அவள் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றைக்குத்தான் ஆராய்ச்சிக்கு ஒரு வழி பிறந்தது என்று பிறகு சொன்னாள்.

ஆராய்ச்சி முடியும் தறுவாயில் ஒரு சிக்கல் வந்தது. அப்போது நான் கச்சிராயபாளையத்தில் ஒரு கரும்பு விவசாயிக்கு வீடு கட்டிக்கொண்டிருந்தேன். தளம் போட வேண்டிய வாரம் அவர் என்னைத் தனியாக அழைத்தார்.

"தப்பா நெனைக்காதீங்க சார். ஒங்க வூட்டம்மா ஏதோ ரகசியச் சங்கத்துல இருக்காங்களாமே? போன்ல வீடியோ பாத்தேன். ஒலகத்தையே அவனுங்கதான் ஆட்டிக்கினு இருக்கானுங்களாம். பேயைக் கும்புடுறானுங்களாம். புது வூடு கட்டுறோம், ஒங்க கையால தளம் போட மனசு ஒப்பல."

எனக்குக் கோபம் வந்தது. வீட்டுக்கு வந்து சொன்னேன். அவளுக்கு வரவில்லை.

"அவரை டீக்கு வரச் சொல்லுங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். அவள் அவர் கேட்டதற்கெல்லாம் ஒவ்வொன்றாகப் பதில் சொன்னாள்.

"அப்போ பேயைக் கும்புடல?"

"இல்லீங்கய்யா. கூடிப் பேசுனாங்க, சடங்கு செஞ்சாங்க, சாப்டாங்க. நான் பாத்த தாள்ல ஜாஸ்தி வர்ற சண்டையே கூரை ஒழுகுது, யார் சரிபண்றதுங்கிறதுதான். கை குலுக்குற விதம், அடையாளச் சொல்லுன்னு ரகசியம் வச்சிருந்தாங்க. அதெல்லாம் எப்பவோ அச்சுல வந்துடுச்சு."

அவர் டீயைக் குடித்து முடித்தார். பாதிதான் சமாதானமாகியிருந்தார். "ஒண்ணுமே இல்லைன்னா இன்னாத்துக்குக் கதவ சாத்திக்கினாங்க?"

அவள் முகம் மலர்ந்தது. "இதே கேள்விய என் பரீட்சை நடக்குற சபையில வந்து கேளுங்கய்யா. யார் வேணா கேக்கலாம்" என்றாள்.

அவள் சொன்னது பல்கலைக்கழகத்தில் நடக்கும் வாய்மொழித் தேர்வை. மரியாதைக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அவரும் தளம் போட நாள் குறித்துக் கொடுத்துவிட்டுப் போனார். தேர்வன்று காலை பஸ் நிலையத்தில் வெள்ளை வேட்டியோடு அவர் எங்களுக்கு முன்பே வந்து நின்றிருந்தார்.

அரங்கு ஓரளவு நிரம்பியிருந்தது. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் முதலில் கேட்டார்: "உங்களை உள்ளேயே விடாத ஒரு சங்கத்தைப் பற்றி நீங்கள் எப்படி அதிகாரத்தோடு எழுத முடியும்?"

"கருவறைக்குள்ள போக முடியாதவங்கதான் சார் இங்க பாதிப்பேர். கோயில் வரலாற்றை நாமளும்தானே எழுதுறோம்?" என்றாள். தேர்வாளர் தலையாட்டினார்.

பிறகு பின்வரிசையில் கரும்பு விவசாயி எழுந்தார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, என் வீட்டில் கேட்ட அதே கேள்வியைக் கேட்டார். சில மாணவர்கள் சிரித்தார்கள்.

"சிரிக்காதீங்க" என்றாள் அவள். வகுப்பறைக் குரல். அரங்கம் அடங்கியது. "என்னோட கடைசி அத்தியாயமே இந்தக் கேள்விதான். அய்யா, கதவு சாத்தியிருந்தப்போ உள்ள ஒரு வெள்ளைக்கார அதிகாரியும் நம்மூர் வியாபாரியும் சகோதரன்னு கூப்ட்டு ஒரே மேசையில சாப்பிட முடிஞ்சுது. தெருவுல அது நடக்காது. அதுக்குத்தான் கதவு தேவைப்பட்டுது. ஆனா அந்தச் சாப்பாட்டைச் சமைச்சவருக்கும், வீட்டுப் பொம்பளைங்களுக்கும், ஏழைபாழைங்களுக்கும் அதே கதவு சாத்தித்தான் இருந்துச்சு. உள்ள இருந்தவங்களோட நல்லதையும் எழுதியிருக்கேன், வெளிய நின்னவங்களையும் எழுதியிருக்கேன். ஒண்ண எழுதி ஒண்ண விட்டா அது வரலாறு இல்ல."

விவசாயி இடுப்புத் துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். "சரிதாம்மா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். முதலில் கைதட்டியது தேர்வாளர்தான். நான் அழுதுகொண்டிருந்ததைப் பக்கத்தில் இருந்தவர் சொன்னபிறகுதான் கவனித்தேன். அவளுடைய படிப்பில் எனக்கு எப்போதும் பெருமை உண்டு. ஆனால் தனக்குப் பிடித்த ஒன்றை இவ்வளவு நேர்மையாக எடைபோட முடியும் என்பதை அன்றுதான் பார்த்தேன்.

பட்டம் உறுதி என்று அறிவித்தார்கள். திங்கட்கிழமை அவள் வழக்கம்போல மலைக்குப் பஸ் ஏறினாள். சாயங்காலம் போன் வந்தது.

"இன்னாங்க, பஸ்ஸ விட்டுட்டேன். வண்டி எடுத்துக்கினு வர்றீங்களா?"

"ஏன், இன்னா ஆச்சு?"

"டீச்சருங்க கேசரி செஞ்சு எடுத்தாந்தாங்க. இன்னா படிச்சேன்னு கேட்டாங்க. சொல்லிக்கினே இருந்துட்டேன்."

நான் மலையேறிப் போய்ச் சேர்ந்தபோது பள்ளி விட்டு நெடுநேரம் ஆகியிருந்தது. கரும்பலகையில் பெரிதாக ஒரு மூலைமட்டமும் கவராயமும். மேசையைச் சுற்றி ஆசிரியைகள், பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த அம்மாக்கள் சிலர், சத்துணவு அமைப்பாளர். யாரும் எழுந்திருப்பதாகத் தெரியவில்லை. என்னைப் பார்த்ததும் அவள் பேச்சை நிறுத்தாமலே கையசைத்தாள். காலியாகக் கிடந்த ஒரு பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டேன்.