இன்பராணி ஓட்டினால் மட்டும் குதிக்கும் கார்

ஊரார் காரையெல்லாம் வெண்ணெயாய் ஓட வைக்கும் பெர்னார்டின் சொந்த வீட்டுக் கார் ஆட்டுக்குட்டி மாதிரி குதித்தது. யார் ஓட்டினாலும் குதித்தால்கூடப் பரவாயில்லை. அவன் மனைவி இன்பராணி ஓட்டினால் மட்டும் குதித்தது. எஞ்சின் டியூனிங்கையே பிழைப்பாக வைத்திருக்கிற ஒருத்தனுக்கு இதைவிட மானக்கேடு என்ன வேண்டும், சொல்லுங்கள்!

பெர்னார்ட் செடெனாக் ஊர்ப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவன். இளவயதில் தினமும் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்குப் போய் ஒரு ரேஸ் கார் பட்டறையில் வேலை கற்றான். பிறகு பாலத்துக்கு இந்தப் பக்கம் தம்போயில் சொந்தமாக ஒர்க்‌ஷாப் போட்டான். எவ்வளவு பெட்ரோல், எப்போது தீப்பொறி என்று எஞ்சினுக்குக் கட்டளை போட காருக்குள் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் இருக்கிறதல்லவா? அதில் லேப்டாப்பை மாட்டி, அந்தக் கட்டளைகளை ஒவ்வொரு காருக்கும் தனித்தனியாகத் திருத்தி எழுதுவான். அந்தக் கட்டளைத் தொகுப்பை 'மேப்' என்பார்கள். கார் நடுரோட்டில் குலுக்குகிறது, தானாகப் பாய்கிறது, அப்புறம் பம்முகிறது என்று அழாத குறையாக வருகிறவர்களை உட்கார வைப்பான். காரை ஓட்டிப் பதிவெடுப்பான். திரையில் விழும் கோடுகளைப் பார்த்து நோயைச் சொல்வான். கூடவே ஒரு வசனமும் உண்டு.

"காரு பொய் சொல்லாது பாஸ். ஓட்டுறவந்தான் பொய் சொல்லுவான்."

இந்த வசனத்தை வீட்டில் சொல்லிப் பார்க்கும் துணிச்சல் மட்டும் அவனுக்கு வரவே இல்லை.

குதித்தது ஒரு சிவப்புக் கார். இன்பராணியின் பிறந்தநாளுக்குப் பழைய காராக வாங்கி, வேகம் கூட்ட டர்போ வைத்து, தன் கையாலேயே மேப் எழுதிக் கொடுத்தான். கால் விரல் நுனி பட்டாலே பாய வேண்டும் என்று எண்ணெய்ப் பெடலை, அதாவது ஆக்ஸிலரேட்டரை, அவ்வளவு கூர்மையாக வைத்திருந்தான். பாவி, பெருமைக்குச் செய்தான். அவளோ செடெனாக்கில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவுக்குப் போய்வருகிறவள். மீன் மார்க்கெட்டைத் தாண்டி எங்கேயும் பந்தயம் விட்டதில்லை.

முதல் ஆறு மாதம் ஒரு குறையும் இல்லை. ஒருநாள் பொந்தியான் ரோட்டில் காற்றுக் குழாய் ஒன்று வெடித்து, கார் செம்பனை மரங்களுக்கு நடுவே நின்றுவிட்டது. அடை மழை வேறு. பெர்னார்ட் ஓடிப்போய் இழுத்து வந்து, அதே வாரம் புதுக் குழாய் மாட்டிக் கொடுத்தான். அதற்கப்புறம்தான் இந்தக் குதியாட்டம் ஆரம்பித்தது.

"என்னங்க, இன்னிக்கும் குதிச்சுது," என்பாள். பெர்னார்ட் எடுத்துக்கொண்டு போவான். பட்டுப்போல ஓடும். சரி, நீயே ஓட்டு என்று அவளை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்காருவான். அப்போதும் பட்டுப்போலத்தான் ஓடும்.

"பார்த்தியா? எங்க குதிக்குது?"

"நீங்க இருந்தா குதிக்க மாட்டேங்குது லா! உங்களுக்குப் பயப்படுது. நான் தனியா போனா மட்டும் என்னைப் பாடாப் படுத்துது. ஒரு பொம்பளை ஓட்டுற காரை ஒழுங்கா செய்யத் துப்பில்ல, பெருசா டர்போவாம் டர்போ..." இப்படித் தொடங்கினால் வீடு வந்து சேரும்வரை வாய் மூடாது. காரும் துளிகூடக் குலுங்காது.

பிளக் மாற்றினான். சென்சார் மாற்றினான். பெட்ரோல் அளவைக் கூட்டினான், குறைத்தான், தீப்பொறியை முன்னே தள்ளினான், பின்னே இழுத்தான். அலமாக், ஒன்றும் நடக்கவில்லை! கடைசியில் பதிவுக் கருவியை டேஷ்போர்டுக்குள் மாட்டிவிட்டு, "ஒரு வாரம் நீ பாட்டுக்கு வேலைக்குப் போயிட்டு வா," என்று அனுப்பினான்.

பதிவில் நோய் தெரிந்தது. எண்ணெய்ப் பெடல் கோட்டில் ஒரு பெரிய மேடு. அப்புறம் அடுக்கடுக்காய்ப் பத்துச் சின்ன மேடுகள். கொஞ்சம் இடைவெளி. மறுபடி ஒரு பெரிய மேடு, பத்துச் சின்ன மேடுகள். மேட்டுக்கு மேடு டர்போ கிளம்புகிறது, உடனே அடங்குகிறது, கார் குதிக்கிறது. செடெனாக் டோல் நெருங்கும்போது பாருங்கள், காய்ச்சல் கண்டவன் மாதிரி இடைவிடாமல் ஒரே நடுக்கம். அதோடு செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் மேடுகள் இன்னும் உயரமாக இருந்தன. கிழமை பார்த்துக் குதிக்கும் எஞ்சினை அவன் வாழ்நாளில் கண்டதில்லை. அந்த இரண்டு நாளும் பெட்ரோல் நிலையத்தில் மட்ட எண்ணெய் விற்கிறார்களோ என்றுகூடச் சந்தேகப்பட்டான்.

பக்கத்து வீட்டுக் கனகசுந்தரம் அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். கிழமை விஷயம் காதில் விழுந்ததும் வேலியருகே வந்து நின்றார்.

"தம்பி, செவ்வாய் வெள்ளி எண்டால் உது எஞ்சின் விசயமில்லை. நாலு டயரிலயும் எலுமிச்சம்பழம் வைச்சு நசுக்கிப் பாரும்."

"அங்கிள், நாங்க வேதக்காரங்க."

"நீர் வேதக்காரர். கார் எந்தச் சமயமெண்டு ஆருக்குத் தெரியும்?"

பெர்னார்ட் எலுமிச்சம்பழம் வாங்கவில்லை. ஆனால் ஒரு நிமிஷம் யோசித்தான், அதைச் சொல்லியாக வேண்டும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் இன்பராணி சாவியை மேசையில் வைத்தாள். முகத்தில் கோபமே இல்லை. அதுதான் அவனைக் கலக்கியது.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் பார்ப்பேன். அதுக்குள்ள சரியாகலேன்னா, திங்கக்கிழமை ஸ்கூடாய்ல ரூபேந்திரன் கடையில விட்டுடறேன்."

ரூபேந்திரன்! அவனோடு ஒரே பட்டறையில் வேலை பார்த்தவன், இப்போது அவனுக்குப் போட்டிக்காரன். பெர்னார்டின் மனைவியே காரைக் கொண்டுபோய் ரூபேந்திரனிடம் விட்டாள் என்றால், தம்போயில் பெர்னார்டிடம் சைக்கிளுக்குக்கூடக் காற்றடிக்க ஆள் வருமா? கடை போனால்கூடத் தாங்கிக்கொள்வான். தன் கைவேலையை அவள் நம்பவில்லையே, அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

மறுநாள் சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை விரித்து அந்த மேடுகளையே முறைத்துக்கொண்டிருந்தான். அடுக்களையில் இன்பராணி சப்பாத்திக்கு மாவு பிசைந்தபடி ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். டக். கொஞ்சம் கழித்து, டக். அவள் செருப்பு தரையில் தட்டும் சத்தம். பத்து டக். இடைவெளி. ஒரு பெரிய டக். மறுபடி பத்து.

பெர்னார்டின் கண் திரையில் இருந்தது, காது அடுக்களையில் இருந்தது. இரண்டும் ஒன்றாகவே போயின.

"ராணி, என்ன காலால தாளம் போடுறே?"

"தாளமா? செபமாலை சொல்றேன். கை முழுக்க மாவு, மணியை எப்படி உருட்டுறது? கால் பெருவிரலை அமுக்கி எண்ணிக்கிறேன்."

"கார்லயும் இப்படித்தானா?"

"பின்னே? ஸ்டீரிங்கை விட்டுட்டு மணி உருட்டச் சொல்றீங்களா? போலீஸ்காரன் ஃபைன் கட்டச் சொல்லி சமன் கொடுப்பான்."

"எந்தக் கால்ல?"

இன்பராணி மாவுக் கையோடு திரும்பிப் பார்த்தாள். "வலது கால்லதான். பீச்சாங்கால்ல யாராவது மாதாவை எண்ணுவாங்களா?"

ஆண்டவரே! பெரிய மேடு பரலோக மந்திரம். பத்துச் சின்ன மேடும் பத்து அருள் நிறைந்த மரியே. செவ்வாயும் வெள்ளியும் ஆண்டவரின் பாடுகளைத் தியானிக்கும் துக்க தேவ ரகசியங்கள், அன்றைக்கு மனசு கனத்துக் காலும் கனத்திருக்கிறது. செடெனாக் டோலில் வந்த அந்த நடுக்கம் மாதா மன்றாட்டுமாலை. 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும், எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்' என்று அவள் விடாமல் அமுக்க, டர்போ என்னதான் செய்யும்! அவன் பக்கத்தில் உட்கார்ந்த நாளெல்லாம் அவள் திட்டிக்கொண்டே வந்தாள், செபத்துக்கு வாய் ஒழியவில்லை. கார் ஏன் குதிக்கும்?

"அப்படி எதுக்காகச் செபம் பண்றே?"

"எதுக்காகவா? அன்னிக்குப் பொந்தியான் ரோட்டுல நின்ன மாதிரி இந்தக் காரு மறுபடி நின்னுடக் கூடாதுன்னுதான். அது குதிக்கக் குதிக்கத்தான் இன்னும் ஒரு செபமாலை கூடச் சொல்றேன்."

பெர்னார்ட் வாயைத் திறந்தான். 'அப்போ மாதாவாலதான் கார் குதிக்குதுன்னு சொல்றீங்களா?' என்று அவள் கேட்கப்போவது இப்போதே காதில் விழுந்தது. வாயை மூடிக்கொண்டு சப்பாத்தி சாப்பிட்டான்.

ஒரே வழிதான் இருந்தது. செபம் எஞ்சினுக்குப் போய்ச் சேராதபடி மேப் எழுத வேண்டும். பெருவிரல் சின்னதாக அமுக்கினால் கண்டுகொள்ளாதே, நிஜமாகவே கால் வைத்தால் மட்டும் கிளம்பு என்று அந்தக் கம்ப்யூட்டருக்குப் புத்தி சொல்ல வேண்டும். எழுதுவது பெரிய காரியமில்லை. சோதித்துப் பார்ப்பதுதான் பாடு. சோதிக்க வேண்டுமென்றால் அவள் அமுக்குகிற மாதிரியே அமுக்க வேண்டும். சும்மா அமுக்கினால் அந்த நடை வரவில்லை. செபம் சொன்னால்தான் வந்தது.

ஆக, வருஷக்கணக்காகச் செபமாலையைத் தொடாத பெர்னார்ட், ஒர்க்‌ஷாப்பை இரண்டு நாள் அரை அரை நாளாக அடைத்துவிட்டுப் பொந்தியான் ரோட்டில் செபம் சொல்லிக்கொண்டே சிவப்புக் காரை ஓட்டினான். வியாழக்கிழமை ஒளியின் தேவ ரகசியங்களில் மாட்டிக்கொண்டான். அவன் சின்னப் பையனாக ஞானோபதேச வகுப்புக்குப் போன காலத்தில் அப்படி ஒன்று கிடையாது. காரை ஓரங்கட்டி போனில் தேடிப் படித்தான். முதல் மேப்பில் அருள் நிறைந்த மரியே அடங்கியது, பரலோக மந்திரம் குதித்தது. இரண்டாவதில் செபமெல்லாம் அடங்கியது, கூடவே காரும் அடங்கி, ஒரு மண் லாரியை முந்த முடியாமல் ஹார்ன் வாங்கிக் கட்டிக்கொண்டது. வெள்ளிக்கிழமை துக்க தேவ ரகசியங்களுக்கு அவனுக்கே கண் கலங்கிவிட்டது, கால் கனத்தது, பதிவு அச்சு அசல் இன்பராணியின் பதிவு மாதிரியே வந்தது. அன்றைக்குத்தான் மேப் சரியாக அமைந்தது.

சனிக்கிழமை இன்பராணி குலாய் வரை போய்விட்டு வந்தாள். வாசலிலேயே நின்று கத்தினாள்.

"குதிக்கல! மாதா கேட்டுட்டாங்க!"

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு கோவில் மண்டபத்தில் மாதா செய்த உதவிக்குச் சாட்சி சொல்ல எழுந்து மைக்கைப் பிடித்தாள். "என் வீட்டுக்காரரு எவ்வளவோ முயற்சி பண்ணினாரு. அவரு கையால ஆகல. மாதாதான் சரி பண்ணிக் கொடுத்தாங்க." மண்டபமே கைதட்டியது. பின்வரிசையில் காப்பிக் குவளையோடு நின்ற பெர்னார்டை எல்லாரும் திரும்பிப் பார்த்து, பரிவோடு தலையாட்டினார்கள். அவனும் கைதட்டினான். வேறு என்ன செய்வான்? கார் ரூபேந்திரனிடம் போகவில்லை. ஆனால் கைவேலையின் பேர் போயே போச்சு.

அன்றைக்கு மண்டபத்தில் நடந்த விருந்துக்கு வாடகைக்கு எடுத்த நாற்காலிகளைத் திருப்பிக் கொடுக்க இருவரும் அவனுடைய பழைய வேனில் கிளம்பினார்கள். தம்போய் ரோட்டில் வண்டிகள் ஊர்ந்தன. பெர்னார்ட் ஓட்ட, இன்பராணி பேசிக்கொண்டே வந்தாள்.

"என்னங்க, வேன் குதிக்குது?"

"எண்ணெய்யில தண்ணி இருக்கும்."

வேன் மறுபடி குதித்தது. நாற்காலிகள் தடதடத்தன. கொஞ்சம் கழித்து மறுபடி. இன்பராணி பேச்சை நிறுத்திக் காது கொடுத்தாள். பிறகு குனிந்து அவனுடைய வலது காலைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு பத்து முடிந்து இடைவெளி வந்தது.

"எப்ப கண்டுபிடிச்சீங்க?" குரல் இறங்கியிருந்தது.

"சப்பாத்தி அன்னிக்கு."

"அப்போ காரைச் சரி பண்ணினது..."

"மேப் மாத்தினேன்."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "ஐயோ, ஊரு முன்னாடி உங்க கையால ஆகலன்னு சொல்லிட்டேனே! வாயைத் திறந்து சொன்னா என்னவாம்?"

"நீ மாதாவுக்கு நன்றி சொல்லிட்டிருந்தே. நடுவுல வந்து மைக்கைப் பிடுங்கச் சொல்றியா?"

"சாட்சியை வாபஸ் வாங்க முடியாது," என்றாள் கண்ணைத் துடைத்தபடி. கொஞ்ச தூரம் போனதும் கேட்டாள். "நீங்க எதுக்காகச் செபம் சொல்றீங்க?"

"நீ ரூபேந்திரன்கிட்ட போயிடக் கூடாதுன்னு ஆரம்பிச்சேன். இப்ப நிறுத்த வரல."

இன்பராணி அவன் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள். அப்புறம் கையை அங்கேயே விட்டுவிட்டாள். சிவப்பு விளக்கு பச்சையானது. வேன் கிளம்பிக் குதித்துக் குதித்துப் போய் ஓய்ந்ததும், "ஒண்ணு விட்டுட்டீங்க," என்றாள். "ஒம்பதுதான் குதிச்சுது."

பெர்னார்ட் விட்டுப்போன அந்த ஒன்றை அமுக்கினான். பின்னால் நாற்காலிகள் தடதடத்தன.