முகூர்த்தமும் மனச்சாட்சிச் சட்டமும்

சட்டம் படிப்பிப்பவருக்கு வாய் வலிக்கும். ஜெர்மன்காரருக்கு ஆங்கிலேயரின் சட்டத்தைப் படிப்பிப்பவருக்குத் தலையும் சேர்ந்து வலிக்கும். டுசல்டோர்ஃபில் கம்பனி ஊழியர்களுக்கு அந்த மாலை வகுப்பை எடுக்கும் பாவி நான். தொண்டை காய்ந்த சக வாத்திமாரே, உங்களுக்கு என் நோவு விளங்கும்.

பாதிரியாரின் கந்தோர்

முதல் பாடம் ஈக்விட்டி. பழைய இங்கிலாந்தில், வழக்கு நீதிமன்றத்தின் அச்சுக்குள் அடங்காவிட்டால் கதவைச் சாத்திவிடுவார்கள். சனம் அரசனிடம் ஓடும். அரசன் தன் தலைமை அமைச்சரிடம் தள்ளிவிடுவான். அவர் பெரும்பாலும் பாதிரியார். தன் அலுவலகத்தில், அதுதான் கந்தோரில், இருந்து மனச்சாட்சி என்ன சொல்கிறது என்று பார்ப்பார். அப்படிப் பிறந்த சட்டம்தான் இது என்று நான் உருகி உருகிச் சொல்லி முடிக்க, முன்வரிசை அன்கே கை உயர்த்தினாள்.

“அந்தப் பாதிரியாரைப் பார்க்க முன்கூட்டியே நேரம் குறித்து டெர்மின் எடுக்க வேண்டுமா?”

காசு வேண்டாம்

வகுப்பில் ஒரே தமிழ் முகம் ரஞ்சி அக்கா. யாழ்ப்பாணம், கப்பல் கம்பனியில் வேலை. அன்று அழுத கண்ணோடு வந்தார். மகளின் கலியாணத்துக்குப் பேசிய மண்டபத்தை உரிமையாளர் அதே நாளுக்கு ஒரு கார்னிவல் கழகத்துக்குக் கொடுத்துவிட்டார். முற்பணத்தைத் திருப்பித் தருகிறாராம். கலியாணத்துக்கு மூன்று கிழமைதான் இருந்தது.

சாதாரணச் சட்டம் நட்டஈடு தரும், காசு ஈடாகாத இடத்தில் ஈக்விட்டி சொன்ன சொல்லையே நிறைவேற்றச் சொல்லும் என்று அன்றுதான் படிப்பித்திருந்தேன். அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார்.

“தம்பி, முகூர்த்தத்தைக் காசாத் தந்தால் பிள்ளையின்ர கழுத்திலை தாலி ஏறுமே?”

கை சுத்தமா?

இங்கே ஆங்கிலேய நீதிமன்றம் இல்லை. ஆனாலும் மண்டபக்கார மனுசனோடு பேசிப் பார்ப்போம் என்றேன். பேசப் போகமுன் ஒரு விதி: ஈக்விட்டியிடம் வருபவர் சுத்தமான கையோடு வரவேண்டும். உங்கள் கை சுத்தமா என்று அக்காவிடம் கேட்டேன். சனம் கூடினால் மண்டபம் கிடைக்காது என்று பயந்து, அக்கா நூறு பேர் என்று சொல்லியிருக்கிறார். அழைத்தது நானூறு பேரை! நானூறு பேருக்குச் சமைக்கக் கிடாரம் எங்கே வைப்பது என்று சமையல்காரர் மண்டபத்துக்கே போன் போட, குட்டு வெளிப்பட்டு மண்டபம் கைமாறிவிட்டது. ஏன் அக்கா இந்தப் பொய் என்றேன்.

“சரியாச் சொன்னால் தரமாட்டினம், குறைச்சுச் சொன்னால் அது பொய்யே தம்பி?”

எந்த ஒன்பதரை?

நல்லகாலம், மனுசன் கல்நெஞ்சன் இல்லை. அக்கா எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டதும் முகம் இளகியது. ஐந்நூறு பேர் கொள்ளும் மண்டபம். அவருடைய கோபமெல்லாம் பொய்யில்தான். கார்னிவல் விருந்து இரவில். கலியாணமும் இரவில்தான் என்று நினைத்திருந்தார். முகூர்த்தம் காலை ஒன்பதரைக்கு என்றதும் நிமிர்ந்தார். மூன்று மணிக்குள் மண்டபத்தைக் காலி செய்தால் சரி என்றார். எனக்குப் போன உயிர் வந்தது. ஆனால் மனுசன் முன்பே ஒரு தமிழ்ப் பிள்ளையின் பூப்புனித விழாவுக்கு, அதுதான் சாமத்தியவீட்டுக்கு, மண்டபம் கொடுத்து அனுபவப்பட்டவர். அது ஜெர்மன் ஒன்பதரையா, தமிழ் ஒன்பதரையா என்று கேட்டார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

“தாலி கட்டுறது மட்டும் ஜெர்மன் நேரம் ஐயா, மிச்சமெல்லாம் தமிழ் நேரம்.”

தாலி நேரத்துக்கே ஏறியது. நியாயம் கேட்கப் போகிறவர் முதலில் சாப்பாட்டுக்கு எத்தனை பேர் என்ற உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்பதுதான், வயிறு நிறையச் சாப்பிட்டபின் எனக்கு விளங்கிய ஈக்விட்டி.