கணினி விழுங்கிய கிணறு

1. செவ்வாய்க்கிழமை காலை

கந்தோரைத் திறந்து, பிள்ளையார் படத்துக்குப் பூ வைத்துக்கொண்டு நிற்கையில் தவராசா வந்தார். பண்டத்தரிப்பில் வெங்காயத் தோட்டம் செய்பவர். காலெல்லாம் செம்மண் புழுதி. கையில், போன கிழமை எங்கள் கந்தோரில் எழுதிய குத்தகை உறுதிப் பத்திரம். அதை என் மேசையில் போட்டார்.

“அண்ணை, உதுக்குள்ளை என்ரை கிணறு எங்கை கிடக்குதெண்டு காட்டுங்கோ.”

யாழ்ப்பாணத்தில் காணி உறுதிகள் எழுதிப் பதியும் ஒரு நொத்தாரிசு ஐயாவிடம் இருபத்தெட்டு வருடமாகக் கிளாக்கராக இருக்கிறேன். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. சட்டம் தெரியாது, உறுதி எழுதத் தெரியும். பதினொரு பக்கத்தையும் புரட்டினேன். கிணறு இல்லை.

“காலமை இறைக்கப் போனன். பக்கத்துக் காணிச் செல்லத்துரை வந்து வாட்டர்பம்மிலை கையை வைச்சிட்டார். ‘உறுதியிலை எத்தினை பங்கு, எந்த நாள் முறை, காட்டிப்போட்டு இறை’ எண்டுறார். வெங்காயம் நட்டு ஒரு கிழமை. வெள்ளிக்கும் தண்ணி இல்லையெண்டா முழுக்கக் கருகிப்போம்.”

2. பொட்டு வைத்த மெஷின்

எங்கள் ஊரில் காணியை மட்டும் எழுதினால் போதாது. ஒரு கிணற்றில் நாலு காணிக்காரருக்குப் பங்கு இருக்கும். யாருக்கு எந்த நாள் இறைப்பு என்று முறை இருக்கும். பழைய உறுதியின் கடைசியில் அது கிடக்கும். தவராசா எடுத்த காணியின் பழைய உறுதியிலும் கிடந்தது: ‘வடக்கெல்லைக் கிணற்றில் நாலிலொரு பங்கும், செவ்வாய், வெள்ளி இறைப்பு முறையும், வாய்க்காலும், வழியும்’. இந்த வால் இல்லாத தோட்டக்காணி வெறும் மண்.

புதிய உறுதி எழுதினால் நான் பழையதை உரத்து வாசிப்பேன். ஐயா புதியதில் விரல் வைத்துக்கொண்டே வருவார். இதை ஒப்புப் பார்த்தல் என்போம். போன வருடம் ஐயா கொழும்பில் ஒரு கருத்தரங்குக்குப் போனார். ஏஐ எழுதுகிற ஒரு லாப்டொப்போடு திரும்பி வந்தார். அன்றிலிருந்து வாயைத் திறந்தால் ஏஐ. ஆயுதபூசைக்கு அந்த லாப்டொப்புக்கு என் கையாலேயே சந்தனப் பொட்டு வைத்தேன்.

“உம்மடை இருபத்தெட்டு வருசத்து வேலையை உது அரை நிமிசத்திலை செய்யும், தெரியுமோ?”

“ஓம் ஐயா.”

“உது பிழை விடாது.”

“ஓம் ஐயா. ஒப்புப் பார்ப்பமோ?”

“உதென்ன, பள்ளிக்கூடப் பிள்ளையள் மாதிரி ராகம் இழுத்துக்கொண்டு! விடும்.”

விட்டேன்.

தவராசாவுக்குக் காணியைக் குத்தகைக்குக் கொடுத்தவர் பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர். ‘விளங்கிற தமிழிலை எழுதுங்கோ’ என்று அவர் கேட்டிருந்தார். ஐயா பழைய உறுதியை மெஷினுக்குக் கொடுத்து, ‘பழைய வாசகங்களைச் சுருக்கி எளிமையாக எழுதவும்’ என்று தட்டினார். பதினொரு பக்கம் வந்தது. எரிமலை வெடித்தால் யார் பொறுப்பு என்று எழுதியிருந்தது. பண்டத்தரிப்பில் எரிமலை! தளபாடங்களைச் சேதப்படுத்தக் கூடாதாம். வெங்காயப் பாத்திக்குள் என்ன தளபாடம்? வாலை மட்டும் சுத்தமாக வெட்டிவிட்டு, ‘இரு தரப்பினரும் நீர் வசதிகளை நியாயமான முறையில் பகிர்ந்துகொள்வர்’ என்று முடித்திருந்தது. படிக்க இனிப்பாகத்தான் இருந்தது. ஆனால் கிணற்றின் மற்றப் பங்காளிகளில் ஒருவரான செல்லத்துரை அதில் ஒரு தரப்பே இல்லை. அவரும் ரீச்சரும் முகம் பார்த்துக் கதைத்தே வருடக்கணக்காகிறது.

3. மன்னிப்பு

ஐயா பத்து மணிக்கு வந்தார். விசயத்தைக் கேட்டதும் தவராசாவைப் பார்க்கவில்லை, லாப்டொப்பைத் திறந்து, கிணறு விட்டுப்போனதைத் தட்டினார். மெஷின் உடனே பதில் சொன்னது: ‘நீங்கள் சுட்டிக்காட்டியது மிகச் சரி. தவறுக்கு மனமார்ந்த மன்னிப்பைக் கோருகிறேன்.’ ஐயாவுக்கு முகம் மலர்ந்தது. திருத்தமும் வந்தது: கிணற்றில் மூன்றிலொரு பங்கு, புதன்கிழமை முறை.

“புதன் செல்லத்துரையின்ரை முறை ஐயா,” என்றார் தவராசா. “உதைக் கொண்டுபோனா மண்வெட்டியாலைதான் பதில் வரும்.”

ஐயா மறுபடி தட்டப் போனார். மறுபடியும் அது மன்னிப்புக் கேட்கும் என்று எனக்குத் தெரியும்.

“ஐயா, நான் எழுதுறன்” என்றேன்.

பிள்ளையார் சுழி போட்டுக் கையால் எழுதினேன். இரண்டு பக்கம். பின்னேரம் ரீச்சர் ஓட்டோவில் வந்தார். நான் பழைய உறுதியை உரத்து வாசிக்க, ஐயா விரல் வைத்துத் தொடர்ந்தார். வால் வந்த இடத்தில் அவருடைய விரல் கொஞ்சம் நின்றது.

தவராசா கையெழுத்து வைத்துவிட்டுக் கேட்டார்: “மெஷின் மன்னிப்புக் கேட்டதாம். ஐயா கேக்கேல்லையோ?”

ஐயாவுக்கு அந்த நேரம் பார்த்து ரெலிபோன் வந்துவிட்டது. மணி அடித்ததை நான் கேட்கவில்லை.

4. வெள்ளிக்கிழமை

ஐயாவைச் சொல்லி நான் தப்ப முடியாது. ஒவ்வொரு உறுதியின் அடியிலும் ‘தரப்பினருக்கு வாசித்து விளங்கப்படுத்தப்பட்டது’ என்று ஒரு வரி உண்டு. அந்தப் பதினொரு பக்கத்தைக் கையெழுத்துக்கு முன் ஒருவரும் வாசிக்கவில்லை. அந்த வரிக்குக் கீழே, சாட்சி என்று, நெற்றியில் திருநீற்றோடு கையெழுத்து வைத்தவன் நான். பொய் சொன்னால் மெஷினுக்குச் சுடாது. எனக்குச் சுட வேண்டும். சுடாமல்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை விடிய, கோயிலுக்குப் போய்விட்டு அப்படியே பண்டத்தரிப்புக்கு பஸ் ஏறினேன். வாட்டர்பம் ஓடிக்கொண்டிருந்தது. செல்லத்துரை வேலிக்கு அங்கால் நின்று பார்த்தார், இந்தத் தடவை பம்மில் கை வைக்கவில்லை. இரண்டு பாத்தி வெங்காயம் கருகிப் போயிருந்தது. மற்றவை தப்பிவிட்டன. தவராசா முழங்கால்வரை சேற்றோடு வாய்க்கால் தண்ணீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றிவிட்டுக்கொண்டிருந்தார்.

“தம்பி, வாசிக்காமல் கையெழுத்து வைச்சிட்டன். என்ரை பிழைதான்” என்றேன்.

அவர் மண்வெட்டியை ஊன்றிவிட்டு என்னைப் பார்த்தார். “உதைச் சொல்ல பஸ் ஏறி வந்தனீங்களே? சரி, வந்ததுக்கு அந்த மடையைக் கட்டுங்கோ அண்ணை, தண்ணி கருகின பாத்திக்குப் போகுது.”

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன்.

மெஷின் இன்னும் கந்தோரில் இருக்கிறது. எழுதட்டும். அது எழுதுவதை நான் உரத்து வாசிக்கிறேன், எரிமலை உட்பட. ஐயா விரல் வைக்கிறார். இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: யார் எழுதினாலும், வாசித்த பிறகுதான் சாட்சி.