மேகமலைக் கப்பலின் இரண்டாவது வீச்சு

பித்தளைத் தாயக்கட்டைகள் இரண்டு என் விடுதி மேசையில், அகராதிக்குப் பக்கத்தில் கிடக்கின்றன. ஒன்றின் ஓரம் நசுங்கியிருப்பதால் உருட்டினால் நேராக ஓடாது. சற்றே இடப்பக்கம் ஒதுங்கி நிற்கும். அவை மரப்பலகையில் மோதும் ஒலி கேட்கும்போதெல்லாம் ராயப்பன்பட்டி வீட்டின் சாப்பாட்டு மேசையும், சுவர்க் கடிகாரமும், உருண்டு நின்ற கட்டைகளைத் திரும்பப் பொறுக்கியெடுத்த பெரியப்பாவின் விரல்களும் ஒருசேர நினைவுக்கு வருகின்றன.

அக்கா பெரியப்பாவின் மகள். என்னைவிட மூன்று வயது மூத்தவள். மதுரையில் படித்தபோது அந்த ஆட்டத்தைக் கற்றுக்கொண்டு வந்தாள். ஒருவர் ஓர் உலகத்தைச் சொல்லிக்கொண்டே போக, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அதற்குள் நின்று, தாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். எது நடக்கும் என்று சொல்ல முடியாத இடங்களில் பகடை தீர்மானிக்கும். எங்கள் வீட்டில் இருந்த பகடை தாயக்கட்டை மட்டுமே என்பதால், அக்கா அதற்கேற்ப விதிகளை மாற்றினாள்: தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் நினைத்தது நடக்கும், இரண்டு, மூன்று, நான்கு விழுந்தால் நடக்கும், ஆனால் எதையாவது இழக்க வேண்டும். கோடை விடுமுறைதோறும் அவள் எங்களை விண்மீன் பேரரசுகளுக்கும் எரியும் கோள்களுக்கும் அழைத்துப் போனாள். எங்கள் கப்பலின் பெயர் மேகமலை. கதை சொல்பவள் எப்போதும் அவள்தான் என்பதால், அந்தக் கப்பலில் ஒருமுறைகூட அவள் ஏறியதில்லை.

படிப்பு முடிந்ததும் கன்னியர் மடத்தில் சேரப்போவதாக அக்கா சொன்னாள். மடத்திலிருந்து கடிதம் வந்த நாள் முதல் பெரியப்பா அவளோடு பேசுவதை நிறுத்தினார். ஜெபமாலையைத் தவறவிடாதவர்தான், பிறர் வீட்டுப் பெண் மடத்துக்குப் போனால் முதல் ஆளாகப் போய் வாழ்த்திவிட்டு வருபவர்தான். தன் மகள் என்றதும் அவருக்குப் பேச்சு நின்றுபோயிற்று. "அதச் சாப்பிடச் சொல்லு" என்று மருமகளிடம், அதாவது எங்கள் மதினியிடம், சொல்வார். எதிரில் அமர்ந்திருக்கும் அக்கா, மதினி மறுபடி சொல்லும்வரை காத்திருந்து சாப்பிடுவாள். நாற்பது நாள் இப்படியே போயிற்று. புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு அக்கா என்னை அழைத்தாள். "எனக்கு ஒரே ஒரு ஆட்டம் வேணும். நீ நடத்து. நான் ஆடணும்."

வகுப்பில் எழுந்து நின்றால் இரண்டு வாக்கியத்துக்கு மேல் பேசாதவள் நான். மறுத்துப் பார்த்தேன். பதிலுக்குக் குரல்செய்திகள் வந்தன. "விதியெல்லாம் விளக்கிட்டு உக்காந்திராத. மொத வாக்கியத்துலயே கப்பல் எரியணும்." "பாத்திரங்கள முன்னாடியே எழுதி வச்சிரு. அவுகளா யோசிக்க ஆரம்பிச்சா பாதி மத்தியானம் அதுலயே போயிரும்." "ஒரே நாள் ஆட்டம்டி. மிச்சத்த நாளைக்குப் பாப்போம்ங்கிற பேச்சே கெடையாது. கடைசி அரை மணிய முடிவுக்குன்னு ஒதுக்கி வையி." இறுதியாக வந்ததை நான் தனியாக எழுதி வைத்துக்கொண்டேன்: "முடிவ ஆடுறவுக எடுக்கட்டும். நீ எடுத்தா அது ஆட்டமில்ல, பிரசங்கம்."

புறப்படும் நாளன்று மத்தியானம்தான் ஆட்டம். மடத்துக்குப் போகும் கார் நாலரைக்கு வருவதாக இருந்தது. மூன்று பாத்திரங்கள் எழுதி வைத்திருந்தேன்: கேப்டன், அக்காவுக்குப் பைலட், மதினிக்கு இஞ்சினியர். கேப்டனாக ஆட வேண்டிய என் தோழி கடமலைக்குண்டிலிருந்து வரும் பேருந்தைத் தவறவிட்டாள். நாற்காலி காலியாகக் கிடந்தது. மதினிதான் வாயைத் திறந்தாள். "மாமா சும்மாதான இருக்காக. வாங்க மாமா, ஆகாயத்துல ஒரு வேல இருக்கு." பெரியப்பா ஏனோ மறுக்கவில்லை, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்து அமர்ந்தார். அப்போதே பாத்திரங்களை மாற்றியிருக்க வேண்டும். குடும்பத்தின் மூத்தவரை இஞ்சின் அறைக்கு அனுப்ப எனக்குக் கை வரவில்லை. கேப்டனின் தாளை அவர் முன் வைத்தேன். எங்கள் வீட்டில் அவர் ஒன்றைச் சொல்லிவிட்டால் அதற்குமேல் யாரும் பேசுவதில்லை என்பது அந்த நிமிடத்தில் எனக்கு உறைக்கவில்லை.

முதல் வாக்கியத்தில் கப்பல் எரிந்தது. சாகும் நிலவொன்றின் மக்களை ஏற்றிக்கொண்டு மேகமலை தப்பியோட, பேரரசின் மூன்று போர்க்கப்பல்கள் துரத்தின. மதினி புகைக்குள் நின்று கத்தினாள்: "கேப்டன் மாமா, இந்த இஞ்சினு நம்ம திராட்சத் தோட்டத்து மோட்டார் கணக்கா இருமுது! இதப் போயி யாரு வாங்குனது?" பெரியப்பா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "மொதல்ல தண்ணி ஊத்து" என்றார். எனக்கு வியப்பளித்தது வேறொன்று. "பைலட்டு, எடப்பக்கம் ஒடி" என்று அவர் அக்காவைப் பார்த்தே சொன்னார். "ஒடிச்சாச்சு, கேப்டன்" என்று அக்காவும் சொன்னாள். மகளிடம் பேசாதவர் பைலட்டிடம் பேசினார். அந்த நூல் அறுந்துவிடக் கூடாதே என்ற பயத்தில் இடைவெளி விடாமல் அடுத்தடுத்த தாக்குதல்களைச் சொல்லிக்கொண்டே போனேன்.

நான்கு மணிக்கு, அந்த வாரம் முழுக்க நான் திட்டமிட்டிருந்த முடிச்சுக்கு வந்து சேர்ந்தோம். மூன்று கப்பல்களையும் திசைதிருப்ப வேண்டுமானால் ஒருவர் சிறுபடகில் தனியே பிரிந்துபோக வேண்டும். தோழிதான் கேப்டன் என்று நினைத்து எழுதிய காட்சி அது. பெரியப்பாவின் முகத்தைப் பார்த்தபோதுதான் நான் எதை எழுதி வைத்திருக்கிறேன் என்பது எனக்குப் புரிந்தது.

"நான் போறேன், கேப்டன். அனுமதி வேணும்" என்றாள் அக்கா.

"அனுமதி இல்ல."

"கப்பல்ல சனங்க இருக்காக."

"ஒத்தையில எதுக்குப் போகணும்? கப்பலத் திருப்பு. ஆனது ஆகட்டும், எல்லாருமா இருப்போம்."

மதினி தாளைக் கீழே வைத்துவிட்டாள். வழக்கம்போல அவர் சொல்லுக்குப் பின் யாரும் பேசவில்லை. கடிகாரத்தில் நாலேகால். எங்கிருந்தோ ஒரு நட்புக் கப்பலை வரவழைத்து எல்லாரையும் காப்பாற்றிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அக்கா என்னைப் பார்த்து, சத்தமில்லாமல் உதட்டை அசைத்தாள்: மாத்தாத.

எனவே கேட்டேன். "கேப்டன், பைலட் படகுல ஏறியாச்சு. படகு வெளிய போற கதவப் பூட்டுற பொத்தான் உங்க கைக்குப் பக்கத்துல இருக்கு. பூட்டுறீகளா?"

பெரியப்பா மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். "பூட்டுனா உள்ளயே இருந்துருமா?"

"உள்ளதான் இருக்கும், பெரியப்பா."

வெகுநேரம் கழித்து, மேசைமேல் இருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மதினியின் பக்கம் திரும்பி, "போடச் சொல்லு" என்றார்.

மதினி சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இருக்கவில்லை. அக்கா கட்டைகளை உரசி உருட்டினாள். ஒன்று வெறுமையாகவும் மற்றது ஒற்றைப் புள்ளியாகவும் நின்றன. தாயம். போர்க்கப்பல்கள் மூன்றும் படகின் பின்னால் போயின, மேகமலை தப்பியது. ஆட்டம் முடிந்தது என்று சொல்ல நான் மூச்சை இழுத்தபோது, பெரியப்பா கட்டைகளைப் பொறுக்கி அக்காவின் உள்ளங்கையில் வைத்தார்.

"தாயம்லத்தா. இன்னொண்ணு போடு."

தாயம் விழுந்தால் மறுபடி உருட்டுவதுதான் அவருக்குத் தெரிந்த ஆட்டம். எங்கள் ஆட்டத்தில் அப்படியொரு விதி கிடையாது என்பதை நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. அக்கா கையை மூடவும் இல்லை, உருட்டவும் இல்லை. பைலட்டிடம் அல்லாமல் மகளிடமே அவர் பேசிய முதல் பேச்சு அது, நாற்பது நாளைக்குப் பிறகு.

"இது எதுக்கு, பெரியப்பா?" என்று கேட்டேன்.

"திரும்பி வாரதுக்கு."

அக்கா உருட்டினாள். நசுங்கிய கட்டை இடப்பக்கம் ஒதுங்கி நின்றது. மூன்று. அவள் எழுதிய விதிப்படி, நடக்கும். ஆனால் எதையாவது இழக்க வேண்டும். தெருவில் காரின் ஒலிப்பான் கேட்டது. முடிவு சொல்ல எனக்கு அரை நிமிடம்கூட இல்லை. "படகு திரும்பி வரும். எப்பன்னு கப்பலுக்குத் தெரியாது. வாரப்ப, போன மாதிரியே இருக்காது." பெரியப்பா தலையை அசைத்தார். அது சம்மதமா, கேட்டுக்கொண்டேன் என்பதற்கான அடையாளமா என்று இன்றும் எனக்குத் தெரியாது. எழுந்து போய் அவளுடைய பெட்டியைத் தானே தூக்கினார். கார் மறைந்த பிறகு கட்டைகளை என்னிடம் கொடுத்து, "நீயே வச்சுக்க. இங்கன இனி யாரு ஆடப்போறா" என்றார்.

சென்ற கிறிஸ்துமஸுக்கு அக்கா இரண்டு நாள் வந்திருந்தாள், வெள்ளைச் சேலையில். பெரியப்பா அவளைச் "சிஸ்டர்" என்று அழைத்துப் பார்த்துவிட்டு, சரிப்படாமல், "சாப்பிட்டியாத்தா" என்றார்.

தேனிக் கல்லூரியில் சனிக்கிழமைகளில் இப்போது நான் ஆட்டம் நடத்துகிறேன். முதல் வாக்கியத்தில் கப்பல் எரிகிறது. பாத்திரங்கள் எழுதித் தயாராக இருக்கின்றன. கேப்டன் பதவியை மேசையில் இளையவருக்கே தருகிறேன். கடைசி அரை மணியை யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. அக்கா சொல்லித் தராத விதி ஒன்றும் சேர்ந்திருக்கிறது: கடைசி வீச்சில் தாயம் விழுந்தால் மறுபடி உருட்ட வேண்டும். "அதான் செயிச்சாச்சே, இது எதுக்குப்பா?" என்று ஒவ்வொரு முறையும் யாராவது கேட்கிறார்கள். நான் பதில் சொல்வதில்லை. கட்டைகளைப் பொறுக்கி, கேட்டவரின் உள்ளங்கையில் வைத்து, எதற்கென்று அவரே சொல்லட்டும் என்று காத்திருக்கிறேன்.